அச்சு விழாத வில்லை: நாணயமா, பிரஸ் ஷாப் கழிவா? அளந்தும் எடை போட்டும் கண்டுபிடிப்பது எப்படி

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை. திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். ஒரகடம் ரோட்டுல ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். வேலை முடிஞ்சு வரும்போது ரோட்டோரமா இருக்கிற ஒரு காயலான் கடையில, வட்டமான ஒரு உலோக வில்லையைப் பார்த்திருக்கார். ரெண்டு பக்கமும் வெறுமை. சிங்கம் இல்லை, எண் இல்லை, வருஷம் இல்லை. பார்க்க நம்ம பழைய ஒரு ரூபாய் அளவுக்கு இருக்கு.

கடைக்காரர் என்ன சொல்லியிருக்கார்னா, "இது மின்ட்ல அச்சு விழாம தப்பிச்சு வந்த காசு. 1,500 ரூபாய் கொடுத்துட்டு எடுத்துக்கோங்க. வெளியில இதுக்குப் பெரிய விலை இருக்கு." நம்ம நேயர் கேட்டது ஒரே வரிதான்: "அண்ணா, வாங்கலாமா?"

1,500 ரூபாய்ங்கறது ஷிஃப்ட் வேலையில ரெண்டு மூணு நாள் சம்பளம். அதனால இந்தக் கேள்வியை விளையாட்டா எடுத்துக்க முடியாது. நான் அவர்கிட்ட கேட்டது: "காசு கொடுக்காதீங்க. ஒரு நாள் இரவல் கேளுங்க. கொடுத்தா அளந்து, எடை போட்டு எனக்கு அனுப்புங்க." அவரும் அனுப்பினார். அந்த எண்களை வெச்சே இன்னைக்கு முழுக்கப் பேசப் போறோம். நாணயம் சேகரிக்கிற பழக்கம் இல்லாதவங்களுக்கும் இது உதவும். பேர் தெரியாத ஒரு பொருளை அளவை வெச்சு எப்படி விசாரிக்கிறதுன்னு இதுல தெரிஞ்சுடும்.

வில்லை எப்படி உருவாகிறது?

நாணயத்தை நேரடியாக யாரும் வார்த்து எடுப்பதில்லை. முதலில் உலோகத்தைத் தகடாக உருட்டுவார்கள். அந்தத் தகட்டை பிரஸ்ஸில் விட்டு, பஞ்ச்சும் டையும் வைத்து வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். அதுதான் முதல் நிலை வில்லை. ரெண்டு பக்கமும் தட்டையாக இருக்கும். விளிம்பில் வெட்டின தடம் தெரியும்.

பிறகு அதைச் சூடுபடுத்தி மிருதுவாக்குவார்கள், கழுவுவார்கள், மெருகேற்றுவார்கள். விளிம்பை நாலு பக்கமும் அழுத்தி உருட்டி, ஓரத்தைக் கொஞ்சம் மேலே எழுப்புவார்கள். தட்டின் கரை மாதிரி. இது ரெண்டாம் நிலை வில்லை. இப்படி விளிம்பு எழும்போது வில்லையின் விட்டம் இம்மியளவு குறையும். அப்போதுதான் அச்சு இயந்திரத்தில் இருக்கிற வளையத்துக்குள் அது சிக்காமல் உட்காரும். மேலேயும் கீழேயும் இருந்து அச்சு விழும்போது உலோகம் பிதுங்கி, வளையத்தை நிரப்பி, முழு அளவு நாணயமாக வெளியே வரும்.

இதுல ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. வெட்டினதிலிருந்து அச்சு விழுகிற வரைக்கும் விட்டம் மாறுது, தடிமன் மாறுது, விளிம்பு மாறுது. எடை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கு. மொத்த விசாரணைக்கும் இதுதான் சாவி.

இந்த ஊரில் ஏன் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்?

இந்தியாவில் அரசு மின்ட் இருப்பது நாலு ஊர்களில்: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கு, 'மின்ட்'னு பேருந்து நிறுத்தமும் இருக்கு. ஆனால் அங்கே இருந்த நாணயச்சாலை 19ஆம் நூற்றாண்டிலேயே மூடப்பட்டுவிட்டது. பேர் மட்டும்தான் மிச்சம்.

தமிழ்நாட்டுக்கும் நாணய வில்லைக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு. சேலம் உருக்காலையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளிலிருந்து நாணய வில்லைகளை வெட்டும் பிரிவு உண்டு. ஆண்டுக்கு 3,600 டன் கொள்ளளவு. அந்த 3,600 டன்னும் 3.79 கிராம் வில்லையாகவே வெட்டப்பட்டதுன்னு வெச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட 95 கோடி வில்லை. ஆனால் அதே பிரிவில் பாத்திரம் போன்ற வேறு பொருள்களுக்கான வட்டத் தகடுகளும் வெட்டப்படும். அதாவது, நாணய வில்லை வெட்டும் ஆலையிலிருந்து வந்த வட்டம் என்றாலும், அது நாணயத்துக்கான வட்டம்தான் என்று சொல்லிவிட முடியாது.

இப்போ சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வாங்க. ஒரு பக்கம் மறைமலை நகர், இன்னொரு பக்கம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டி. ரோட்டைப் பிடிச்சு மேற்கே போனா ஒரகடம், அதைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர். கார் கம்பெனிகள், அவங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற கம்பெனிகள், அந்தக் கம்பெனிகளுக்கு வேலை எடுத்துச் செய்கிற சின்னச் சின்ன பிரஸ் ஷாப்கள். பிரஸ் ஷாப்பில் தகட்டில் ஒரு ஓட்டை போட்டால், ஓட்டையிலிருந்து ஒரு வட்டம் கீழே விழும். கம்பெனிக்கு வேண்டியது ஓட்டை போட்ட தகடு. கீழே விழுந்த வட்டம் கழிவு. அந்த வட்டங்கள் டிரம் டிரம்மாக ஸ்க்ராப்புக்குப் போகும். அப்படியே காயலான் கடைக்கும் வரும்.

ஆக, அந்த வட்டாரத்தில் வெறுமையான ஓர் உலோக வட்டம் கையில் கிடைத்தால், 'இது எந்த நாணயம்?' என்பது ரெண்டாவது கேள்வி. 'இது முதலில் நாணய வில்லைதானா?' என்பதே முதல் கேள்வி. தன்னை ஏமாத்திக்கிற பலரும் இந்த முதல் கேள்வியைத் தாண்டிக் குதிச்சுடறாங்க.

மின்ட்டிலிருந்து நிஜமாகவே அச்சு விழாத வில்லை வெளியே வருவது உண்டு. நாணயங்களோடு நாணயமாக மூட்டைக்குள் சேர்ந்து, வங்கிக்கு வந்து, சில்லறையோடு யாரோ ஒருவர் கையில் சேரும். அதனால் எங்கே கிடைத்தது என்பதும் ஒரு சாட்சியம்தான். சீல் உடைத்த நாணய மூட்டையிலிருந்து விழுந்த வில்லையும், பிரஸ் ஷாப் ஸ்க்ராப் குவியலில் கிடைத்த வில்லையும் ஒன்றாகாது.

எடை முதலில்

காய்கறி நிறுக்கிற தராசு இதுக்கு ஆகாது. சமையலறை எடை மெஷினும் ஆகாது. அது கிராமில் நின்றுவிடும். 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன பாக்கெட் தராசு வேண்டும். தெரிஞ்ச நகைக்கடை இருந்தா இன்னும் நல்லது. அங்கே இருக்கிற தராசு மில்லிகிராம் வரை காட்டும்.

மின்விசிறியை அணைச்சுடுங்க. தராசை சமமான இடத்தில் வையுங்க. வில்லையில் எண்ணெய், மண் இருந்தால் துடைச்சுடுங்க. ஆனா தேய்க்கக் கூடாது. அஞ்சு தடவை வெச்சு எடுத்து, அஞ்சு எண்ணையும் எழுதுங்க. அஞ்சும் ஒன்னுக்கொன்னு ஒட்டி வந்தால்தான் அந்தத் தராசை நம்பலாம்.

எடை பார்த்து நாணயத்தைச் சோதிப்பது நம்மிடம் பழைய தொழில். சங்கப் புலவர்கள் சிலரின் பெயருக்கு முன்னால் 'வண்ணக்கன்' என்ற சொல் வரும். நாணயத்தின் தரத்தைச் சோதிப்பவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதனால் ரூபாய்க் காசையே எடைக்கல்லாக வைத்து நிறுத்த காலமும் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகான ஒரு ரூபாயை மட்டும் எடுத்துக்கோங்க. 1960களில் வந்த நிக்கல் ரூபாய் 10 கிராம். 1975க்குப் பிறகு வந்த செம்பு-நிக்கல் கலவை ரூபாய் 8 கிராம். 1980களில் அதுவே சிறிதாகி 6 கிராம். 1992இல் வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரூபாய் 4.85 கிராம். 2011 வரிசையில் 3.79. 2019 வரிசையில் 3.09. உலோகத்தின் விலை ஏற ஏற, ரூபாய் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. நமக்கு இதில் ஒரு வசதி. எடையைச் சொன்னால், அது எந்தக் காலத்து ரூபாயாக இருக்கலாம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அடுத்து விட்டம், தடிமன்

பள்ளிக்கூட ஸ்கேல் வேண்டாம். வெர்னியர் வேண்டும். கம்பெனி ஊர்க்காரங்களுக்கு இதுல ஒரு சௌகரியம்: குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிற ஒரு நண்பராவது கட்டாயம் இருப்பார். மைக்ரோமீட்டர் கிடைத்தால் தடிமனுக்கு அதுவே சிறப்பு.

விட்டத்தை ஒரு இடத்தில் மட்டும் அளக்காதீங்க. வில்லையைத் திருப்பித் திருப்பி நாலு திசையில் அளங்க. நாலும் ஒன்றாக இருந்தால் நல்ல வட்டம். ஒரு பக்கம் நீண்டிருந்தால் அது நசுங்கினது. ரயில் தண்டவாளத்தில் காசு வெச்சு விளையாடின பிள்ளைகளுக்குத் தெரியும், சக்கரம் ஏறின காசு அகலமாகி, அச்சும் மறைந்து போயிருக்கும். அதுவும் பார்க்க வெறும் வில்லை போலத்தான் இருக்கும். எடை மட்டும் குறைஞ்சிருக்காது.

தடிமனை நடுவில் அளக்கணும். வெர்னியரின் தாடை பெரிதாக இருந்தால் அது எழுந்த விளிம்பைத்தான் அளக்கும், நடுவை அளக்காது. நாணயப் பட்டியல்களில் கொடுத்திருக்கிற தடிமனும் பொதுவாக அச்சான நாணயத்தின் விளிம்புத் தடிமன். தட்டை வில்லையின் தடிமனை அதோடு ஒப்பிட்டால் பொருந்தாது. 22 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் வில்லை 3.79 கிராம் இருக்க வேண்டுமென்றால், கணக்குப்படி சுமார் 1.3 மி.மீ. தடிமன் போதும். அதே நாணயம் அச்சான பிறகு விளிம்பில் அதைவிடத் தடிமனாக இருக்கும். உலோகம் எங்கேயிருந்தும் கூடவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விட்டத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். 23 மி.மீ. விட்டத்தில் நம் நாட்டில் என்னென்ன வந்திருக்கிறது? 1992இலிருந்து வந்த கனமான 5 ரூபாய், 9 கிராம். பின்னால் வந்த மெல்லிய 5 ரூபாய், 6 கிராம். 2019 வரிசையின் 2 ரூபாய், 4.07 கிராம். மூன்றையும் ஒரே ஓட்டையில் போடலாம். தராசில் வைத்தால்தான் மூன்றும் வேறு வேறு.

காந்தமும் அடர்த்தியும்

எடையும் விட்டமும் ஒத்துப்போகிற இடத்தில் காந்தம் வேலைக்கு வரும். அந்த 6 கிராம் 5 ரூபாயே ரெண்டு உலோகத்தில் வந்தது. 2007 வாக்கில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், 2009க்குப் பிறகு மஞ்சள் நிற நிக்கல்-பித்தளையில். ரெண்டும் 23 மி.மீ., ரெண்டும் 6 கிராம். ஸ்டீலில் காந்தம் ஒட்டும், பித்தளையில் ஒட்டாது.

வீட்டில் இருக்கிற பல எவர்சில்வர் பாத்திரங்களில் காந்தம் ஒட்டாதே, நாணயத்தில் மட்டும் எப்படி ஒட்டுதுன்னு கேட்கலாம். நாணயத்துக்குப் பயன்படுத்துவது வேறு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம், நிக்கல் கிடையாது. அந்த வகை காந்தத்தில் ஒட்டும். செம்பு-நிக்கல் கலவை ஒட்டாது. ஆனால் 1960களின் சுத்த நிக்கல் ரூபாய் ஒட்டும். அதனால் 'ஒட்டுது, ஆக ஸ்டீல்தான்' என்றும் அவசரப்படக் கூடாது.

அங்கேதான் அடர்த்தி. அதாவது ஒரு கன சென்டிமீட்டர் உலோகம் எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கு. அலுமினியம் 2.7. நாணய ஸ்டீல் சுமார் 7.7. சாதா இரும்புத் தகடு, பிரஸ் ஷாப்பில் 'எம்.எஸ்.'னு சொல்றது, 7.85. நிக்கல்-பித்தளை 8.5 பக்கம். நிக்கலும் செம்பு-நிக்கலும் 8.9 பக்கம். வெள்ளி 10.5.

தட்டை வில்லைக்குக் கணக்கு ரொம்ப எளிது. விட்டத்தில் பாதியை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 3.1416ஆல் பெருக்கி, தடிமனால் பெருக்கினால் கன அளவு வந்துவிடும். எடையை அதால் வகுத்தால் அடர்த்தி.

நேயரின் வில்லை என்ன சொன்னது?

இப்போ அவர் அனுப்பின எண்கள். விட்டம் நாலு திசையிலும் 25.14 மி.மீ. தடிமன் 1.50 மி.மீ. எடை 5.83 கிராம். காந்தம் நல்லா ஒட்டுது.

முதலில் எடை. 25 மி.மீ. விட்டத்தில் நம்மிடம் இருப்பவை: 1992இலிருந்து வந்த ஸ்டீல் ஒரு ரூபாய், 4.85 கிராம். 2011 வரிசையின் 2 ரூபாய், அதுவும் 4.85 கிராம். 2019 வரிசையின் 5 ரூபாய், 6.74 கிராம், அது காந்தத்தில் ஒட்டாத நிக்கல்-பித்தளை. 5.83 எதோடும் சேரலை. 4.85க்கு கிட்டத்தட்ட ஒரு கிராம் கூடுதல். நாணய எடையில் இம்மியளவு ஏற்ற இறக்கத்தைச் சட்டமே அனுமதிக்குது. ஆனால் அது இருபது சதவீதம் ஆகாது.

ரெண்டாவது, விட்டம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி. அச்சுக்குத் தயாரான வில்லை, நாணயத்தைவிட இம்மியளவு சிறிதாக இருக்கணும்னு பார்த்தோம். இது 25ஐவிடப் பெரிது. 0.14 மி.மீ. பெரிது. இந்தச் சின்ன எண் எங்கேயிருந்து வந்திருக்கும்? பிரஸ் வேலை தெரிஞ்சவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. தகட்டில் 25 மி.மீ. ஓட்டை வேண்டுமென்றால் பஞ்ச் 25 மி.மீ. இருக்கும். கீழே இருக்கிற டையின் துளை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், வெட்டு சுத்தமாக விழுவதற்காக. 1.5 மி.மீ. தகட்டுக்கு அந்த இடைவெளி ரெண்டு பக்கமும் சேர்த்து 0.15 மி.மீ. அளவில் வைப்பது சாதாரணம். ஓட்டை பஞ்ச்சின் அளவுக்கு வரும், கீழே விழுகிற வட்டம் டையின் அளவுக்கு வரும். 25 மி.மீ. ஓட்டை போட்டபோது விழுந்த வட்டம் 25.14 இருப்பது சரியாகப் பொருந்துது.

மூன்றாவது, விளிம்பு. போட்டோவைப் பெரிது பண்ணிப் பார்த்தேன். விளிம்பின் ஒரு பாதி பளபளன்னு இருக்கு, மறு பாதி பிய்ந்தது போல சொரசொரப்பாக இருக்கு. ஒரு முகத்தின் ஓரம் லேசாக மழுங்கியிருக்கு. மறு முகத்தின் ஓரத்தில் நகத்தை வெச்சா பிசிறு இடறுது. வெட்டின பிறகு யாரும் தொடாத வட்டம் இப்படித்தான் இருக்கும். நாணய வில்லை மெருகேறி, விளிம்பு எழுந்து வந்திருந்தால் இந்தத் தடங்கள் அழிந்திருக்கும்.

நான்காவது, அடர்த்தி. கணக்குப் போட்டால் கன அளவு 0.745 கன சென்டிமீட்டர். 5.83ஐ அதால் வகுத்தால் 7.83. சாதா இரும்பின் 7.85க்குப் பக்கத்தில் இருக்கு. ஆனால் இதை மட்டும் வெச்சு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். தடிமனை அளக்கும்போது 0.02 மி.மீ. பிசகினால்கூட அடர்த்தியில் 0.1 மாறிவிடும். 7.7க்கும் 7.85க்கும் நடுவில் இருக்கிற தூரமே அவ்வளவுதான். அளவு எவ்வளவு துல்லியமோ, முடிவும் அவ்வளவுதான் துல்லியம். நிக்கல் இல்லை, பித்தளை இல்லை, செம்பு-நிக்கல் இல்லைன்னு இந்த எண்ணை வெச்சு உறுதியா சொல்லலாம். ரெண்டு வகை இரும்பில் எதுன்னு சொல்ல இது போதாது.

அதனால் கடைசியாக ஒரு சின்னச் சோதனை. வில்லையை எண்ணெய் போகத் துடைச்சு, ஈரத்துணியில் சுத்தி ராத்திரி முழுக்க வைக்கச் சொன்னேன். காலையில் ஓரமெல்லாம் பழுப்பு நிறத்தில் துரு. நாணய ஸ்டீல் ஒரு ராத்திரி ஈரத்துக்கு இப்படித் துருப்பிடிக்காது. இந்தச் சோதனையைக் கடைசியில்தான் செய்யணும். மத்த சாட்சிகள் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டின பிறகு. உண்மையான வில்லையாக இருக்க வாய்ப்பு இருந்தால் ஈரத்துக்கே கொண்டு போகக் கூடாது.

ஆக, அது 25 மி.மீ. ஓட்டை போட்டபோது விழுந்த எம்.எஸ். வட்டம். கிலோ கணக்கில் விலை போகிற பொருள். 1,500 ரூபாய் அவர் பையிலேயே இருந்தது.

எண்கள் எல்லாம் பொருந்தினாலும் பேர் சொல்ல முடியாத வில்லை

சரி, உண்மையான வில்லையே கிடைச்சிருந்தால்? எல்லாச் சோதனையிலும் தேறியிருந்தால்? அப்போதும் ஒரு சிக்கல் உண்டு.

1988இலிருந்து வந்த ஸ்டீல் 50 பைசா நினைவிருக்கும். 22 மி.மீ., 3.79 கிராம். 2011இல் ஒரு ரூபாயைச் சின்னதாக்கினபோது அதன் அளவு என்ன? அதே 22 மி.மீ., அதே 3.79 கிராம், அதே வகை ஸ்டீல். பழைய ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம். 2011இல் 2 ரூபாய்க்கு வந்த அளவும் அதேதான். 50 பைசாவின் உடம்பு ஒரு ரூபாய்க்கும், ஒரு ரூபாயின் உடம்பு 2 ரூபாய்க்கும் போய்விட்டது.

அப்படியானால் 22 மி.மீ., 3.79 கிராம் வில்லை ஒன்று கையில் இருந்தால் அது 50 பைசாவா, ஒரு ரூபாயா? இந்த அளவுகளால் சொல்லவே முடியாது. தராசு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் சொல்லாது. அந்த வில்லையின் மேல் எந்த அச்சு விழுகிறதோ அதுதான் அதன் மதிப்பு. அச்சு விழாத வரைக்கும் அதற்கு மதிப்பு எழுதப்படவில்லை. 'இது 2015ஆம் வருஷத்து ஒரு ரூபாய் வில்லை'ன்னு யாராவது உறுதியாகச் சொல்லி விற்றால், வருஷம் அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேளுங்க.

அளவுகளை வெச்சு 'இது இல்லை' என்று உறுதியாகச் சொல்லலாம். 'இதுதான்' என்று சொல்லும்போது ஒரு குடும்பம் வரைக்கும்தான் போகலாம். அதுக்கு மேலே போறவர் வியாபாரம் பேசுகிறார்.

அதே அளவுகள் பொக்கிஷத்தைக் காட்டிக் கொடுத்ததும் உண்டு. ரெண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா செம்பை மிச்சப்படுத்த 1943இல் ஒரு சென்ட்டை துத்தநாகம் பூசிய ஸ்டீலில் அடித்தது. எடை 2.7 கிராம். முந்தைய வருஷத்து வெண்கல வில்லைகள் சில தவறிப்போய் அதே அச்சில் விழுந்துவிட்டன. அவை 3.11 கிராம், காந்தத்தில் ஒட்டாது. இன்றைக்கு அந்தச் சில காசுகளுக்குப் பெரும் விலை. அதற்காகவே ஸ்டீல் சென்ட்டின் மேல் செம்பு பூசி விற்கிறவர்களும் உண்டு. அவர்களை முதலில் பிடிப்பது தராசும் காந்தமும்தான்.

தேய்த்து அழித்த காசை எப்படிப் பிடிப்பது?

இன்னொரு ஏமாற்று இருக்கு. நல்ல நாணயத்தையே தேய்த்து, ரெண்டு பக்க அச்சையும் அழித்து, 'அச்சு விழாத வில்லை' என்று விற்பது. உலோகம் சரியாக இருக்கும், காந்தம் சரியாக ஒட்டும், அடர்த்தி சரியாக வரும். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உண்மையான ரெண்டாம் நிலை வில்லையில் எடை முழுசா இருக்கும், விட்டம் இம்மி குறைவாக இருக்கும். தேய்த்த காசில் நேர் எதிர்: விட்டம் நாணயத்தின் முழு அளவில் இருக்கும், எடை குறைவாக இருக்கும். அச்சு விழுந்து வளையத்தை நிரப்பின விட்டம் திரும்பச் சின்னதாகாது. தேய்த்து எடுத்த உலோகமும் திரும்ப வந்து ஒட்டாது. 25 மி.மீ. துல்லியமாக இருந்து, எடை 4.85க்குப் பதிலாக 4.3 காட்டினால், அது அரத்திலோ உப்புத்தாளிலோ போய்வந்த காசு. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரே திசையில் ஓடுகிற கீறல்களும் தெரியும்.

சட்டம், விலை

2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், அரசு முத்திரையிட்டு, சட்டப்படி செல்லுபடியாகிற துண்டைத்தான் நாணயம் என்கிறது. முத்திரை விழாத வில்லை கடையில் செல்லாது, வங்கியிலும் செல்லாது. சட்டத்தின் பார்வையில் அது உலோகம். சேகரிப்பவர் ஒருவர் விரும்பிக் கொடுக்கிற விலைதான் அதன் விலை. அந்த விலைக்கு ஆதாரம், நாம் இன்றைக்குப் பார்த்த எண்களும், அது எங்கேயிருந்து வந்தது என்பதும்.

இன்னொன்னு. உங்க வில்லைக்கு லட்சம் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க, வரி கட்டுங்கன்னு போன் வந்தால் வெச்சுடுங்க. பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே இப்படிக் கட்டணம் கேட்கும் மோசடி நடந்ததால், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது. அந்த வியாபாரத்தில் தாங்கள் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று தெளிவாகவே சொன்னது.

கையில் ஒரு வெறும் வில்லை கிடைத்தால்

வரிசையா சொல்லிடறேன், எழுதி வெச்சுக்கோங்க. எங்கே கிடைச்சதுன்னு முதலில் குறிச்சுக்கோங்க. அஞ்சு தடவை எடை. நாலு திசையில் விட்டம். நடுவில் தடிமன். காந்தம். பிறகு அடர்த்திக் கணக்கு. பூதக்கண்ணாடியில் விளிம்பு: பிசிறா, எழுந்த கரையா? கடைசியில்தான் நாணயப் பட்டியலைத் திறக்கணும். முதலிலேயே பட்டியலைத் திறந்தால், நாம ஆசைப்படுற நாணயத்துக்கு ஏற்ற மாதிரி கை தானாகவே அளக்க ஆரம்பிச்சுடும்.

உங்ககிட்ட இப்படி ஏதாவது வில்லை இருந்தா இந்த எண்களோட எழுதுங்க. வெறும் போட்டோ மட்டும் வேண்டாம், போட்டோவில் எடை தெரியாது. அடுத்த பகுதியில் ரெண்டு உலோகம் சேர்ந்த 10 ரூபாய், 20 ரூபாய் நாணயங்களைப் பார்ப்போம். 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், 27 மி.மீ., 8.54 கிராம். அதன் நடு வட்டம் தனியாகக் கழன்று வந்தால் எந்தப் பட்டியலிலும் சிக்காது. அதை எப்படி விசாரிக்கிறதுன்னு பேசலாம்.